மழைக்கு ரசீது

காங்கேயத்தில் எடை போட்டபோது
இருபத்தெட்டாயிரத்து இருநூறு கிலோ.
சீட்டு இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது,
வியர்வையில் எழுத்தெல்லாம் கரைந்து
எண் மட்டும் மிச்சம்.

தென்னை நார்க்கழிவு, ஓசூர் நர்சரிக்கு.
நான் போய்ச் சேரும்போதே அடுக்கியாயிற்று.
மேஸ்திரி ராக்கியண்ணன் முடிச்சை ஒரு தட்டுத் தட்டி
"கல்லு மாதிரி நிக்குதுங்க, கண்ண மூடிட்டுப் போங்க" என்றார்.
கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் போவது
என்று கேட்டிருக்கலாம்.
கையெழுத்துப் போட்டேன்.
அதற்கு மேலே எறும்பு ஊர்ந்தாற்போல் ஒரு வரி:
ஏற்றிய சரக்குக்கு ஓட்டுநரே பொறுப்பு.

சென்னிமலை தாண்டும்போது பிடித்தது மழை.
தார்ப்பாய் நடுவில் முழ நீளக் கிழிசல்,
ஆடிக்கு முன்பே முதலாளியிடம் சொன்னது.
"தீவாளிக்குப் புதுசு எடுத்தரலாம்" என்றிருந்தார்,
பிள்ளைக்குச் சட்டை சொல்வதுபோல.

நார்க்கழிவு தண்ணீர் குடித்து
நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.
மாடு குடித்தால் உறிஞ்சும் சத்தமாவது கேட்கும்.

ஈங்கூர் பக்கம் முதலில் ஸ்டியரிங் சொன்னது,
இடப்பக்கம் இழுக்கிறது என்று.
அப்புறம் கயிறு, ஒரு முனகல்.
கேட்டது. பொய் சொல்ல மாட்டேன்,
எனக்குக் கேட்டது.
நேரத்துக்குப் போகாவிட்டால் வாடகையில் பிடித்தம்
என்றதும் கூடவே கேட்டது.
வலத்தோளைச் சாய்த்து ஓட்டினேன்,
என் அறுபத்திரண்டு கிலோ
அந்தக் குன்றை நிமிர்த்திவிடும் என்பதைப்போல.
கிளீனர் சடையப்பன் ஒன்றும் பேசாமல்
என் பக்கமாய் நகர்ந்து உட்கார்ந்தான்.

குமாரபாளையம் தாண்டி டார்ச் அடித்தார்கள்.
மேடையில் ஏற்றினால்
இருபத்தொன்பதாயிரத்து எழுநூற்று நாற்பது.
"ஒன்றரை டன் எங்க ஏத்துன?"
எங்கயும் ஏத்துலீங்க. மழைங்க.
"மழைக்கு ரசீது இருக்குதா?"
அவர் கேலிக்குக் கேட்கவில்லை.
படிவத்தில் நிஜமாகவே ஒரு கட்டம் காலி.

அபராதம் இருபத்திரண்டாயிரம்.
அதிகப்படியை இறக்கினால்தான் வண்டி நகரும்.
எந்த மூட்டையை இறக்க,
எல்லா மூட்டையிலும் கொஞ்சம் வானம் இருக்கையில்?
மேலேறித் தார்ப்பாயைப் பிரித்தோம்.
சரிந்த அடுக்கைக் கலைத்து
ஒவ்வொன்றாய் வலப்பக்கம் மாற்றினோம்.
இரண்டு பேர், சுமைக்கூலி கிடையாது.
விடிந்து வெயில் ஏறியது.
சாயப்பட்டறைத் தொட்டிபோல்
பகல் முழுக்க ஆவி விட்டுக்கொண்டு நின்றது லாரி.
கிலோ கிலோவாக மேலே போனது பாரம்,
யாரிடமும் கையெழுத்து வாங்காமல்.

திரும்பி வந்ததும் சங்ககிரி ஆபீசில் கணக்கு.
குழந்தைவேலு நல்ல மனுசன்,
டீ வரவழைத்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.
கிழிசல், கம்பெனி நோட்டில் ஏறவே இல்லை.
முடிச்சு, அது காங்கேயத்து ஆட்கள் பாடு.
மழை...
பேனா அந்தரத்தில் கொஞ்சம் நின்றது.
பிறகு என் பெயருக்கு நேரே இறங்கியது.
மாதம் மூவாயிரம், ஏழு மாதம்.
எட்டாவது மாதம் ஆயிரம்.

கயிறு முனகியதற்கு நான் தருகிறேங்க என்றேன்.
அது என்னோடது.
அதுக்கு எவ்வளவுன்னு மட்டும் பிரிச்சுச் சொல்லுங்க.
அப்படிப் பிரிக்க
நோட்டில் பத்தி இல்லையாம்.

குற்றத்தையும் சுமத்துவது என்றுதானே சொல்கிறோம்.
ஏற்றுகூலி இறக்குகூலி இல்லாமல்
எத்தனை கை மாறி வந்தது இது,
ஒரு கிலோ குறையாமல்.

நேற்று மறுபடி காங்கேயம்.
மேலேறி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தேன்.
ராக்கியண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.
சீட்டில் அந்த எறும்பு வரிக்குக் கீழே
என் கையால் ஒரு வரி எழுதினேன்:
தார்ப்பாய் கிழிசல். கட்டியது நான் அல்ல.
வாங்கிப் படித்தார். இரண்டாய்க் கிழித்தார்.
வேறு சீட்டு நீட்டினார்.

பேனாவைப் பிடித்தபடி நிற்கிறேன்.
மேலிருந்து சடையப்பன் குரல்:
"தெக்கால மப்புப் போடுதுங்ணா."