துப்புக்கெட்டவர்கள்

முதலில் அந்த உறை.
சாம்பல் கம்பளி, இடது கைக்கு உரியது,
கட்டைவிரலில் சிவப்பு நூலால் ஒட்டுத்தையல்.
பாலர் பள்ளி வேலிக் கம்பு ஒன்றின் நுனியில்
யாரோ செருகிவைத்திருந்தார்கள்.
பின்லாந்தில் எங்கள் பக்கத்து வழக்கம் அது:
கீழே கிடப்பதை உயரத்தில் வைப்பது,
தொலைத்தவர் திரும்பும்போது கண்ணில் படட்டும் என்று.
ரெய்யோ திரும்பவில்லை.
பன்னிரண்டு நாள் பனியில் நின்று
ஊருக்கே கையசைத்தது அது.

எழுபது கிலோமீட்டர் தாண்டிப் போலீஸ் வந்தது,
இரண்டு முறை.
காபி குடித்தது. ஏரியைப் பார்த்தது.
ஏரி உறைந்திருந்தது.
போய்விட்டது.

அதன் பிறகுதான் நாங்கள்.
பனி வழிக்கும் லாரி ஓட்டும் தார்மோ,
பல் மருத்துவருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் இர்மெலி,
நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழிக்கும் நான்.
வியாழன்தோறும் ஆறு மணிக்கு
குளத்துக் கடையின் குளோரின் வாடையில்
குர்க்கிலம்பியின் வரைபடத்தை விரிப்போம்.
ரெய்யோவின் அக்கா ஐனிக்கி
ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துவருவாள்.
நாம் வாயெடுப்பதற்குள்
நம் வாக்கியத்தை அவளே முடித்துவிடுவாள்.
"அவர் கடைசியாக..." என்பேன்.
"செவ்வாய் இரவு, மீன் சூப், இரண்டு கிண்ணம்" என்பாள்.

தார்மோ சொன்னான்:
அன்று விடிகாலை நாலு மணிக்கு
பேருந்து நிறுத்தம்வரை ஒற்றை வரிசைக் காலடி கண்டேன்.
பிறகு?
பிறகென்ன, என் வேலையைச் செய்தேன்.
இருந்த ஒரே தடயத்தை
நகராட்சிச் சம்பளத்தில் வழித்தெறிந்தவன் அவன்.

இர்மெலி சொன்னாள்:
மார்ச் வரைக்கும் மின்கட்டணம் கட்டியிருக்கிறார்.
சாகப்போகிறவர் மார்ச்சுக்கு விளக்கேற்றமாட்டார்.

என் பங்குக்கு நாற்பத்து மூன்றாம் பெட்டியைத் திறந்தேன்.
காய்ந்த சோப்பு இருந்தது. துண்டு இல்லை.
"ஏரியில் விழுகிறவர் துண்டோடா போவார்?"
யாரும் சிரிக்கவில்லை.
ஐனிக்கி மட்டும் சிரித்தாள், சற்றுத் தாமதமாக.

காட்டிக்கொடுத்தது கடைவாய்ப் பல்.
பிப்ரவரியில், தென்மேற்கே ஒரு துறைமுக ஊரிலிருந்து,
ரெய்யோவின் பழைய எக்ஸ்ரே கேட்டு
இர்மெலியின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது.
ஒளிய நினைப்பவர்
பல்லை ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும்.
பார்க்கக்கூடாத கடிதம்தான். பார்த்தாள். சொன்னாள்.
தார்மோவின் காரில் ஒன்பது மணி நேரம்.

படகுப் பட்டறை வாசலில் இருந்தார்,
கன்னம் வீங்கி, பசை ஒட்டிய விரல்களோடு.
எங்களைப் பார்த்த பார்வை
வரி நோட்டீசைப் பார்க்கும் பார்வை.
இடைவேளை பதினைந்து நிமிடம் என்றார்.
அதில் பதினொன்று பேசாமல் போயிற்று.
"பூனை சாப்பிடுகிறதா?"
சாப்பிடுகிறது என்றோம்.
"ஐம்பத்தெட்டு வயதில்
ஒரு வாக்கியத்தை நானே முடித்துப் பார்க்க ஆசை வந்தது"
என்றார். முடித்தார்.
சொல்லிவிடாதீர்கள் என்றார்.
மணி அடித்தது.

திரும்பும் வழியில்
பெட்ரோல் பங்க் வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.
துப்புக் கிடைத்துவிட்டது.
அதைச் சொல்லத்தான் எங்களுக்குத் துப்பில்லை.

ஆகவே வியாழன்கள் தொடர்ந்தன.
அவர் இல்லாத வடக்குச் சதுப்பில்
சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டோம்.
அவர் ஏறாத ரயிலின் நேரங்களைக் குறித்தோம்.
பொய்க்கு எவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கிறது!
உண்மையைத் தேடியபோதுகூட
இத்தனை நோட்டுப் புத்தகம் செலவாகவில்லை.
ரொட்டி மட்டும் தொண்டையில் இறங்க மறுத்தது.
தார்மோ தன் பங்கைப் பையில் போட்டுக்கொள்வான்,
லாரி ஓட்டும்போது தின்பதாகச் சொல்லி.

ஏப்ரலில் ஏரி முனகத் தொடங்கியது.
சுவரொட்டியில் ரெய்யோவின் முகம் வெளுத்து
யார் முகமாகவும் இருக்கலாம் போல் ஆயிற்று.
அந்த வியாழன், ஐனிக்கி
எங்கள் முதல் சாட்சியை,
பிளாஸ்டிக் பையில் எண் ஒட்டி வைத்திருந்த உறையை,
வெளியே எடுத்தாள்.
ஒட்டுத்தையலைக் கட்டைவிரலால் நீவினாள்.

"இதை அனுப்பிவிடுங்கள்.
கடல்காற்றில் ஒரு கை மட்டும்..."

நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.
அவள் தட்டை எடுத்துக்கொண்டு
கழுவப் போய்விட்டாள்.

கடல் என்று
எங்களில் யாரும் சொன்னதில்லை.