கைமாத்து

தேர் முடிந்த திங்கள் இரவு
ஓல்டனில், முன்பு டயர்க் கிடங்காக இருந்த கோயிலில்
உண்டியலைக் கவிழ்த்தோம்.
நான், குகநேசன், பூக்கட்டும் தவமலர்.
ஆறு வருடமாக நான்தான் பொருளாளர்.
ஈரம் தொட்டு எண்ணி எண்ணி
விரல் நுனியில் ரேகை மங்கிவிட்டது.

இந்த நாட்டுத் தாள்களில் இப்போது முகம் இல்லை,
கை இருக்கிறது.
ஐம்பதில், ஊதினால் பறக்கும் பூவோடு ஒரு கை.
நூறில் இரண்டு கைகள் சேர்ந்து நீர் ஏந்தி நிற்கின்றன.
விரலிடுக்கால் நீர் வழிகிறது,
தாரை வார்க்கிறவன் கைபோல.
ஆனால் எத்தனை பேரிடம் மாறிப் போனாலும்
அந்த நீர் நிலத்தில் விழுவதில்லை.

கட்டடம் அடமானத்தில்.
முருகன் கடன்காரன் என்று சொல்ல நாக்கூசும்,
ஆனால் அப்படித்தான்.
பால் வைத்து, பள்ளியறைக் கதவு சாத்தி,
ஐயர் பத்தேகால் ரயிலுக்கு ஓடிய பிறகும்
வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.
தெய்வம் நித்திரை கொள்ளும். அது கொள்ளாது.
ஆரே ஆற்றங்கரை ஆப்பிள் மரங்கள்
பனிக்குள் மொட்டையாய் நிற்கும் தை மாதத்திலும்
அது காய்க்கும்.
கருப்பை இல்லாமல் குட்டி போடும்.
கற்பூரம் எரிந்தால் மிச்சமில்லை,
கடன் எரிந்தால் மிச்சம்தான் கடன்.

மாசியில் மதிப்பீட்டாளர் வந்தார். நல்ல மனுசன்.
சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார்,
இடது காலுறையில் ஓட்டை.
லேசர் கருவியால் சுவருக்குச் சுவர் அளந்தார்.
சிவப்புப் புள்ளி தூணில் நகர்ந்து
திரைச்சீலை ஏறி
மூலவர் நெஞ்சில் ஒரு கணம் நின்றது.
தவமலர் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அறிக்கை சித்திரையில் வந்தது.
நிலம் இவ்வளவு, கூரை இவ்வளவு,
கார் நிறுத்த இடம் பதினெட்டு.
கற்சிலைகள்: சந்தை மதிப்பு இல்லை.
குகநேசன் கொதித்தான். எனக்குக் கோபம் வரவில்லை.
வங்கி முதன்முறையாக
ஒரு உண்மை சொல்லியிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த இரவு, சில்லறைக்கு அடியில்
கடைப் பற்றுச்சீட்டில் மடித்த மூன்று நூறுகள்.
சீட்டின் முதுகில் நீலப் பேனை:
“பரிமளம் அக்காட்ட 2009 மாசியில வாங்கின கைமாத்து.
அவ போயிட்டா. பிள்ளையளும் இல்லை.
நீயாவது எடு.”

பெயர் இல்லை. வட்டி இல்லை.
இத்தனை வருடமும் ஒருவர் நெஞ்சுக்குள்
முந்நூறு முந்நூறாகவே இருந்திருக்கிறது.
பாரம்தான் கூடியிருக்கிறது.
அதற்கு எந்த வீதம் என்று எனக்குத் தெரியாது.

அர்ச்சனை, அன்னதானம், கட்டட நிதி.
என் கொப்பியில் மூன்றே நிரல்கள்.
“கட்டட நிதியில போடுங்கோ,
இந்தக் காலாண்டு வட்டிக்கு உதவும்.”
குகநேசன் சொன்னது நியாயம்.
என் பேனை அசையவில்லை.

தவமலர் தன் மகனின் பள்ளிப் பனிமுகாமுக்கு
தையில் ஒருமுறை கேட்டாள்.
கூட்டக் குறிப்பில் நானே எழுதினேன்: பிறகு பார்ப்போம்.
பிறகு ஒருவரும் பார்க்கவில்லை.
மூன்று தாளையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.
“எப்ப தர?”
“ஏலுமானபோது.”
“எழுத வேணுமோ?”
“வேண்டாம்.”
குகநேசன் கூரையைப் பார்த்தான்,
அதன் விலை தெரிந்தவன்போல.

நாரும் மல்லிகையும் மணத்த விரல்களால் வாங்கினாள்.
தாளிலிருந்த கையை ஒரு கை மூடியது.
அவ்வளவுதான். மணி அடிக்கவில்லை, அசரீரியும் இல்லை.
கள்ளன் என்றால் கள்ளன்.

மறுநாள் காலை வங்கி இயந்திரம் மீதியை விழுங்கியது.
நொடிக்குப் பத்துக் கை, இருபது கை,
உள்ளே போகும்போதும்
ஒன்றையொன்று பற்றாமல்.
முந்நூறு குறைந்த கணக்கின் கீழே
என் கையெழுத்து.