லைன் கிடைக்கலை

அம்மாவின் வலது காதுக்கு மேலே
முடி கொஞ்சம் பள்ளமாகவே படிந்திருக்கும்.
இருபத்திரண்டு வருஷம்
ஹெட்போன் வளையம் உட்கார்ந்த இடம்.
பெட்டியை மூடுமுன் அதைத்தான் பார்த்தேன்.
நரைத்த பிறகும் நிமிரவில்லை.

களக்காடு எக்ஸ்சேஞ்சில் அப்போது
நூற்றுப்பத்து கனெக்‌ஷன்.
தொண்ணூற்றோராம் சங்கீதத்தில் தடுமாறுவாள்,
வாழைக்காய் மண்டி முப்பத்தேழு என்பதில்
ஒருநாளும் தடுமாறியதில்லை.

அப்பா லாரியில் போன ராத்திரிகளில்
என்னையும் டியூட்டிக்குக் கூட்டிப்போவாள்.
பழைய டைரக்டரியைத் தலைக்கு வைத்து
போர்டுக்குக் கீழே படுத்திருப்பேன்.
மேலே மூடி டக்கென்று விழும்,
வயர் இழுபடும்,
"பம்பாய்... பம்பாய், சொல்லுங்க பம்பாய்..."
பாதி ஊர் தாராவியில் இருந்த காலம்.

மூன்று நிமிஷம் ஆனால் குறுக்கே வருவாள்.
நீட்டிக்கணுமா?
வீட்டிலும் அதே கணக்குதான்.
நான் அழுதால் ஓர் அளவுக்கு விடுவாள்,
"ஏட்டி, மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"
சிரிப்பு வந்துவிடும்.
சிரிப்பு வந்ததற்காகக் கோபம் வரும்.

நல்லவள் என்று மட்டும் எழுதினால் பொய்.
ஒரு தையல் மிஷினுக்காகப் பெரியம்மாவோடு
பதினோரு வருஷம் பேசவில்லை.
எனக்கு வந்த கடிதங்களைப் படித்துவிட்டு
சோற்றுப் பருக்கையால் திரும்ப ஒட்டினாள்.
"அடுத்தவங்க பேச்ச நான் ஒட்டுக் கேட்டதே கெடையாது"
என்று வேதப்புத்தகத்தின் மேல் கை வைப்பாள்.

அடக்க ஆராதனை முடிந்து
கோயில் வாசல் வேம்படியில் நின்றபோது
முப்பத்தேழு வந்தார்.
பரமார்த்தலிங்கம், மண்டிக்காரர்.
தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எண்பத்திமூணு, ஐப்பசி.
எந் தம்பி பம்பாயில ரயில்ல அடிபட்டுட்டான்.
ராத்திரி போன் அடிச்சுது. தங்கபுஷ்பந்தான்.
அண்ணாச்சி, சாப்ட்டாச்சான்னா.
இல்லம்மா, இப்பத்தான் உக்காந்தேன்னேன்.
பம்பாய் கால் ஒண்ணு இருக்கு, லைன் கிடைக்கலை,
கால் மணி ஆகும், நீங்க சாப்டுங்கன்னா.
சாப்ட்டேன்.
மோருக்கு ரெண்டாவது தடவையும் சோறு வாங்குனேன், பாத்துக்க.
கை கழுவிட்டு வாரேன், மணி அடிக்கி.
லைன் மொதல்லயே கிடைச்சிருக்கு.
அந்தப் பக்கம் தம்பி கூட்டாளி கத்தியிருக்கான்,
இவ இருங்க இருங்கன்னு பிடிச்சு வச்சிருக்கா.
பத்து வருஷம் கழிச்சு அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.
அதுக்கப்புறம் நாலு நாள்
ஒரு பருக்கை எறங்கல பாத்துக்க."

அப்படியானால் கேட்டிருக்கிறாள்,
வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தவள்.
இந்த ஊரின் சாவுகளெல்லாம்
வீட்டுக்காரர்களுக்கு முன்னே
அந்தப் பள்ளத்துக்குக் கீழே இருந்த காதில் விழுந்திருக்கின்றன.
விடிந்து வீட்டுக்கு வந்து
புளிக்குழம்பு தாளிப்பாள்.
சில காலைகளில் எனக்கு ஜடையை
வலிக்கிற அளவு இறுக்கிப் பின்னுவாள்.
ஏன் என்று கேட்டால்
பேசாம நில்லு என்பாள்.

எனக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை,
மத்தியானம் ஒன்று இருபதுக்கு,
ஓசூர் கம்பெனி கேன்டீனில்.
தம்பி நேரே கூப்பிட்டான்.
முதல் மணியிலேயே எடுத்தேன்.
அவ்வளவு தெளிவான லைன்,
நடுவில் யாரும் இல்லை.
சாம்பார் சாதம்
அப்போதுதான் பிசையத் தொடங்கியிருந்தேன்.