கெடு

திரையின் மூலையில்
மூன்று வளைவும் முழுதாய் நிற்கின்றன.
இணைந்துவிட்டேன் என்கிறது மடிக்கணினி.
எதைத் திறந்தாலும் வெள்ளைப் பக்கம்,
அதில் ஒரு பூட்டு,
பூட்டின் குறுக்கே சிவப்புக் கோடு.

இன்று பதினைந்து.
நள்ளிரவோடு வரித்தளம் கதவைச் சாத்தும்.
கையில் நான்கு கணக்குகள்:
ரொட்டிக்கடை குல்னாஸி,
இறுதி ஊர்வலத்துக்கு மலர்வளையம் கட்டும் சகோதரர்கள்,
மாங்கனீசு ஏற்றும் மூன்று லாரிகளின் ஒரே முதலாளி,
பிறகு நான்.

சியாத்துராவில் எதுவும்
ஒன்று மேலே போகும், இல்லை கீழே வரும்.
கடைசி ரோப் காரும் போய்விட்டால்
மேலே இருப்பவர் மேலேயேதான்.
பழுது பார்ப்பவன் கடையோ கீழே, ஆற்றோரம்.

ஆகவே நானே.

ரௌட்டரின் வாலைப் பிடுங்கினேன்.
முப்பது எண்ணினேன்; கோபத்தில் எண்ணியது
பதினெட்டு வினாடிதான் இருக்கும்;
மறுபடி எண்ணினேன்.
பச்சை, பச்சை, பச்சை, ஆரஞ்சு.
கடவுச்சொல்லை மற என்றேன், மறந்தது.
நினைவில் வை என்றேன், வைத்தது.
இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிறவர்
இந்த வீட்டில் இதற்குமுன் இருந்ததில்லை.
ஆனாலும் பூட்டு.
கம்பியை நேராகச் செருகிப் பார்த்தேன். பூட்டு.
கைப்பேசியிலோ அதே காற்றில்
எத்தேரியின் மகள் பத்தூமியில் கேக் வெட்டுகிறாள்,
தங்கு தடையில்லாமல்.

உதவி எண்ணில் ரேவாஸ் என்று ஒருவர்.
அவருக்குப் பின்னால் யாரோ
சர்க்கரை கலக்கும் கரண்டிச் சத்தம்.
'கல்பதோனோ மக்வாலா, விளக்கு எரிகிறதா?'
எரிகிறது.
'எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது.'
எந்தப் பக்கம்தான்
தன்னைச் சரியில்லை என்று சொல்லியிருக்கிறது?
நாற்பது நிமிடம்.
வைக்கப்போகும்போது, போகிற போக்கில்:
'கணினியில் மணி எத்தனை?'

அதிகாலை மூன்று பத்து.

'தேதி?'

ஜனவரி ஒன்று.
இரண்டாயிரத்துப் பதினொன்று.

கரண்டிச் சத்தம் நின்றது.

உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி செத்திருக்கிறதாம்.
ஒவ்வொரு தளமும் வாசலில் ஒரு சான்றிதழை நீட்டுமாம்.
இது தேதியைப் பார்க்கிறது:
இன்னும் எழுதப்படாத காகிதம்.
போ, போலி என்கிறது.

முப்பது வருடம் கணக்கு எழுதியவள் நான்.
அடுத்த மாதத் தேதியிட்ட ரசீதை
இந்த மாதம் நீட்டியவர்களை
இதே முகத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
தப்பு நாட்காட்டியில்;
தீர்ப்பில் இல்லை.
மூன்று மணி நேரமாய் நான் திட்டிக்கொண்டிருந்தது
என்னைப் போலவே வேலை செய்யும் ஒன்றை.

உடனே மாற்றிவிடவில்லை.
கெடுவுக்கு இன்னும் பதின்மூன்று ஆண்டு இருந்தது அங்கே.
குல்னாஸி கடையே திறக்கவில்லை.
லாரி ஒன்றுதான்; அதற்கும் தவணை பாக்கி.
அபராதம் என்று யார் பெயரிலும் ஒரு காசு இல்லை.
காபி கொதித்து அடுப்பில் வழிந்தது.

பிறகு நாளை, மாதத்தை, ஆண்டை
ஒவ்வொன்றாய்த் தட்டி ஏற்றினேன்.
பூட்டு விழுந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு மின்னஞ்சல்கள்
ஒரே வாசலில் முட்டி மோதி வந்தன.
பதினொன்று நாற்பத்தொன்றுக்கு நான்காவது கணக்கும் போனது.
என்னுடையதில் ஒரு கூட்டல் பிழை;
அதை மறுநாள்தான் பார்த்தேன்.

மறுநாள் குளியலறை எடைக்கருவியைக் கவிழ்த்து
அதன் பேட்டரியை எடுத்து இதற்குப் போட்டேன்.
என் எடை இனி யாருக்கும் தெரியாது.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

அடிமூடியில் கழற்றியது ஒன்பது திருகு.
திரும்பப் போட்டது எட்டு.
மடிக்கணினி ஓடுகிறது, தேதியோடு.
ஒன்பதாவதை
எந்தத் தலைப்பிலும் நான் பற்று எழுதவில்லை.