மூன்று வோல்ட்

கறுப்புத் திரையில் ஒரு பெட்டி.
விண்டோஸ் வரமுன்னமே,
தன் பெயரைக்கூடச் சொல்லாமல்
என்னிடம் ஒரு சொல் கேட்கிறது.

பூட்டியது நான்தான்.
போன ஆடியில், ஒரு கோபத்தில்.
யார்மேல் என்பது நினைவிருக்கிறது,
சொல்தான் இல்லை.

பழைய வீட்டுத் தொலைபேசி இலக்கம் போட்டேன்.
இந்திரஜித்தின் மோட்டார்சைக்கிள் இலக்கம் போட்டேன்.
மூன்றாவதாக, வெட்கத்தை விட்டு,
அவன் பெயரையே போட்டேன்.
பீப் என்றது.
நீளமாய் ஏதோ எண்ணைக் காட்டி
அப்படியே உறைந்துபோனது.

உள்ளே தரம் எட்டு சி,
நாற்பத்தொரு பிள்ளைகளின் தவணைப் புள்ளிகள்.
திங்கட்கிழமை அதிபரின் மேசைக்குப் போகவேண்டும்.

என்.சி. வீதியில், செருப்புக் கடைக்கு மேலே
அஸ்மீர் முதலில் கேட்டது ரசீது.
களவெடுத்ததில்லை என்று காட்டவேண்டுமாம்.
பிறகு கேட்டான்:
"போடேக்க என்ன நினைச்சிட்டிருந்தீங்க, டீச்சர்?"
நான் வாய் திறக்கவில்லை.
அவன் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினான்.
பன்னிரண்டு.
எல்லாவற்றையும் ஒரு யோகட் கோப்பைக்குள் போட்டான்.

பெரிய பற்றறிக்குப் பிறகு
ரூபாய்க் குற்றி போல ஒன்றை நெம்பி எடுத்து
என் உள்ளங்கையில் வைத்தான்.
"இதுதான் மறக்காம வச்சிருக்கிறது.
பத்து நிமிசம் பிடிங்க."

மூன்று வோல்ட்.
இவ்வளவுதானா என்றிருந்தது.

கீழே, பஸ் நிலையத்திலிருந்து நடந்துவந்த மானொன்று
அட்டைப்பெட்டியைத் தின்றது.
செருப்புக் கடைக்காரர் ச்சூ என்றார்,
பிறகு இன்னொரு பெட்டியை அதன் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஒண்டும் அழியாதா?"
"டிஸ்க்கில நான் கை வைக்கல்ல.
பூட்டு மட்டும்தான்.
அதோட மணிக்கூடும் போகும்."

பொருத்தினான்.
பெட்டி வரவில்லை. நீ யார் என்று கேட்கவேயில்லை.
மூலையில் திகதி மட்டும்:
2009, ஜனவரி ஒன்று. மணி பூச்சியம்.

இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம்.
"இந்தத் திகதியில" என்றான்,
"எங்களுக்குப் பாலமில்ல.
கிண்ணியாவில இருந்து பாதையிலதான் வரணும்.
வாப்பா என்னை ஏத்தவே மாட்டார்."
நான் எங்கே இருந்தேனென்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒரு ஊரின் பெயரைச் சொல்லி
நிறுத்தியிருப்பேன்.

கூட்டல் குறியை அழுத்தினான்.
பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
ஒரு விரல்.
பதினாறில் தும்மினான், மறுபடி அழுத்தினான்.
"இண்டைக்கு என்ன திகதி, டீச்சர்?"
எனக்கு உடனே வரவில்லை.

"புதுசா ஒண்டு போடுவமா?"
"வேண்டாம்."
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

நிலாவெளி பஸ்ஸில் நல்ல சனம்.
உப்புவெளி தாண்டி, பைக்குள் சில்லறை தேடும்போது
சொல் வந்தது, கேட்காமலே.
இந்திரஜித்தும் இல்லை, கோபமும் இல்லை அதில்.
சூடை.
ஆங்கில எழுத்தில் சூடை,
பின்னால் அன்றைய கிலோ விலை.
அன்று பொரித்ததுகூட ஞாபகம் வந்தது,
கொஞ்சம் கருகிவிட்டது.

கண்டக்டர் மிச்சக் காசு தந்தார்.
எண்ணாமல் போட்டுக்கொண்டேன்.