நாவல்பழ வாய்

லோகிதாவுக்கு இரண்டு வயசில்
உதட்டில் புள்ளிகள் வந்தன.
அழுக்கென்று நினைத்து
தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.
போகவில்லை.
உங்கப்பனுக்கும் இருந்ததே, என்றார்கள்.
எனக்கும் இருந்ததாம், சின்னதில்.
பாலக்கோடு மண்டியில்
திம்மராயன் மகள் என்றால் தெரியாதவர்க்கும்
நாவல்பழ வாயன் மகள் என்றால் தெரியும்.

ஆவணியில் ஒரு நாள்,
தக்காளி கிரேட் ஐம்பது ரூபாய்க்கு விழுந்த அன்று,
இருநூற்றுப் பதினேழாவதை எழுதும்போது
வயிற்றுக்குள் யாரோ
சட்டைக் கையை உள்பக்கமாய் இழுத்தார்கள்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
அன்று இரவே வெட்டி எடுத்தார்கள்.
குடலுக்குள் குடல் புகுந்திருந்ததாம்.
இழுத்துக்கொண்டு போனது ஒரு கட்டி,
காம்போடு, காளான் மாதிரி, என்றாள் நர்ஸ்.
எதனால் என்றதற்கு
பக்கத்துக் கட்டில்காரி பதில் சொன்னாள்:
தண்ணி.
எங்கள் ஜில்லாவில் பல் காவியேறினால் தண்ணி,
முட்டி வளைந்தால் தண்ணி.
சேலம் போகும் வேனில்
தொப்பூர் கணவாய் தாண்டாமல் அப்பா போனதற்கும்
தண்ணியைத்தான் சொன்னோம்,
அவர் குடித்த இன்னொரு தண்ணியையும் சேர்த்து.

ஆறாம் நாள் காலை
ரவுண்ட்ஸ் முடிந்து எல்லோரும் நகர்ந்தபின்
கடைசியாகப் போன சின்ன டாக்டர்,
தூங்காத கண், கசங்கிய கோட்டு,
வாசலில் நின்று லோகிதாவைப் பார்த்தார்.
பன் தின்றுகொண்டிருந்தாள்.
"என்ன பாப்பா, நாவல்பழமா?"
"இல்ல. எங்க வாயே இப்படித்தான்."

அந்த 'எங்க'
அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது.

என் உதட்டைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.
கீழுதட்டை மடக்கச் சொன்னார்.
செல்போன் வெளிச்சம் அடித்து
கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் விலக்கி
ரொம்ப நேரம் பேசவில்லை.
வெளியே மங்கிப்போகும், என்றார் பிறகு,
உள்ளே இருக்கும்.
முப்பத்தாறு வருஷம்
என் வாய்க்குள் இருந்ததை
நான் பார்த்ததில்லை.

கேஸ் ஷீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்.
நோய் கண்டவர்க்கு மை அடைப்பு.
செத்தவர்மேல் சாய்ந்த கோடு.
கோடு எனக்குப் புதிதல்ல,
மண்டியில் நான்குக்குமேல்
ஐந்தாவதைச் சாய்த்துத்தான் போடுவேன்.
மாரக்கா அத்தை, மார்பில் கட்டி, நாற்பத்தொன்று.
அப்பா, முப்பத்தெட்டு.
பத்து வயசில் வயிறு முறுக்கிச் செத்த பெரியப்பா ஒருத்தர்,
அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.
அதற்கும் ஒரு சதுரம்.
சொல்லச் சொல்ல
பேனா என்னைவிட வேகமாகப் போனது.

அவர் சொன்ன நோயின் பேர் என் வாயில் நிற்கவில்லை.
யாரோ இரண்டு வெளிநாட்டு டாக்டர்கள் பேராம்.
எங்கள் புள்ளிக்கு அவர்கள் பேர்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி, என்றார்.
இவளுக்கு விழுந்துவிட்டது.
சின்னவன் வாய் வெறும் வாய்,
இருந்தாலும் ரத்தம் பார்த்துத்தான் சொல்லமுடியும்.
அடுத்த வருஷம், எட்டு முடிந்ததும்,
லோகிதாவுக்குக் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும்.
"பயப்படாதீங்க. சின்னதா இருக்கும்போதே கிள்ளிடலாம்."
தக்காளிச் செடியில் பக்கத் தளிர் கிள்ளியவள் நான்.
கிள்ளினால் மறுபடி வரும் என்பதும் தெரியும்.
கேட்டேன்.
"வரும். மறுபடி கிள்ளுவோம்" என்றார்.
பொய் சொல்லாததற்காக
அவரை எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்த இரவு
ஓசூரில் இருக்கும் மாரக்கா மகன் கெம்பராஜுவுக்கு
வீடியோ கால் போட்டேன்.
கிணற்றுப் பங்கில் சண்டை,
ஏழு வருஷமாய்ப் பேச்சில்லை.
நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை.
"கீழுதட்ட மடக்கு" என்றேன்.
"பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?"
"மடக்குடா."
சிரித்தான்.
அவன் மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.
போனைக் கிட்டக் கொண்டுபோனான்.
திரை முழுக்க ஈறு, காவிப் பல்,
அப்புறம் வெறும் சிவப்பு.
"என்ன தெரியுது?" என்றான்,
உதட்டை விடாமல், குழறி.

"கொஞ்சம்
வெளிச்சத்துக்கு வா" என்றேன்.