பிடி

நார்வாவில், ஆற்றைப் பார்த்த பழைய நூற்பாலையின்
மூன்றாம் தளத்தில் கண்காட்சி.
எனக்குக் காவல் வேலை.
ஒரு நாற்காலி, ஒரு ஹீட்டர், பன்னிரண்டிலிருந்து ஆறு வரை.

சிற்பி ஹெல்யு ராண்மா தாலினிலிருந்து வந்தவள்.
அக்டோபர் முழுக்க சூப்பர்மார்க்கெட் வாசலில் மேசை போட்டு
போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம்
ஈரக் களிமண் உருண்டையைத் திணித்தாள்.
ஒரு தடவை இறுக்கிப் பிடியுங்கள், அவ்வளவுதான்.
பெயர் கேட்கவில்லை. வீட்டில் என்ன மொழி என்று கேட்கவில்லை.
இந்த ஊரில் கேட்காமல் விடுவதற்கே தனி மரியாதை உண்டு.

பாலும் முட்டைக்கோசும் இருந்த பையை
இடக்கைக்கு மாற்றிக்கொண்டு
நானும் பிடித்தேன்.
பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

இப்போது அறுநூற்றுப் பதினேழு பிடிகள்
சுட்டுச் சிவந்து நீள மேசைகளில் கிடக்கின்றன.
விரலிடுக்கில் பிதுங்கிய மண்.
நகம் கடிப்பவர் ஒருவரின் மொண்ணை நுனி.
சுண்டுவிரல் பதிய வேண்டிய இடத்தில் வெறும் வழவழப்பு:
அது தறியில் நின்றவருடையது, எனக்குச் சந்தேகமில்லை.

திறப்பு விழாவில் ஒருவர்
தனி அடையாளம் கூட்டு அடையாளம் என்று
நாற்பது நிமிடம் பேசினார், முதலில் எஸ்டோனியனில்,
பிறகு ரஷ்யனில், கொஞ்சம் சுருக்கி.
இரண்டிலும் எனக்குப் பிடிபடவில்லை.
என் பாஸ்போர்ட் சாம்பல் நிறம்.
குடியுரிமைக் கட்டத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை.
பாலத்துக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கல்லறை,
இந்தப் பக்கம் என் பெயருக்கு வரும் மின்கட்டண ரசீது.

செவ்வாய்க்கிழமை கூட்டமில்லை.
தொடாதீர்கள் என்று பிறரை அதட்டும் வாயை மூடிக்கொண்டு
என்னுடையதைத் தேடினேன்.
ஒவ்வொன்றாய் எடுத்து, வலக்கையில் பொருத்தி, திருப்பி வைத்து.
இருநூற்று மூன்றாவதில்
ஐந்து விரலும் போய் உட்கார்ந்துகொண்டன,
உள்ளங்கைக் குழிகூடச் சரி.
மோதிர விரலில் மட்டும் ஒரு வளையத் தழும்பு.
நான் மோதிரம் போட்டதே இல்லை.

பல்பு மாற்ற வந்த ஹெல்யுவிடம் கேட்டேன்.
ஏணியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே சொன்னாள்:
முதல் வாரத்துப் பிடிகளில் நாற்பது சூளையில் வெடித்துவிட்டன.
இடித்துப் பொடியாக்கி அடுத்த மண்ணில் கலந்தேன்.
சுட்ட மண் உள்ளே இருந்தால்தான்
பச்சை மண் தாங்கும்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றேன்.
பெயரே தெரியாது, யாரிடம் கேட்பது என்றாள்.
ரொட்டித்துணுக்கைத் தட்டிவிட்டு ஏணியை மடக்கினாள்.

ஃபைனா, என்றேன் ஏணி போன பிறகு,
மேசைகளைப் பார்த்து,
கொஞ்சம் சத்தமாகவே.

வியாழக்கிழமை மருந்துக்கடைக்காரி வந்தாள்.
முதல் மேசையின் ஓரத்தில் நின்று
கையுறையை மெல்லக் கழற்றினாள், என்னைப் பார்த்தாள்.
நான் நாற்காலியை
ஹீட்டர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.